போர் தண்ணீர் விட்ட வெள்ளைத் தடம்: வண்டியின் பெயின்ட்டிலிருந்து உப்புக் கறையை நீக்கும் முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் போர் தண்ணீரில் கழுவப்படும் வண்டிகளில் இந்தக் கறை இல்லாத வண்டியைக் காண்பது அரிது. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ விடியற்காலையில் கழுவி, துடைக்காமல் தெருவோரம் நிறுத்திய கறுப்புக் காரின் பானெட்டில், வெயில் ஏறிய சிறிது நேரத்திலேயே வட்ட வட்டமாக வெள்ளைத் தடங்கள் எழும்பிவிடும். அதே தண்ணீரை மறுபடி ஊற்றித் தேய்த்தால் ஈரம் இருக்கும்வரை அவை கண்ணில் படாது. காய்ந்ததும் முன்பைவிட அடர்த்தியாகத் தெரியும். பெயின்ட்டைச் சேதப்படுத்தாமல் இந்தக் கறையை எடுப்பது எப்படி, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது, எடுத்த பிறகு அது திரும்ப வராமல் இருக்க எந்தத் தண்ணீரைக் கொண்டு முடிப்பது என்பவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கே நான் அதிக மதிப்புத் தருகிறேன். கடைசி அலசலுக்கான தண்ணீரை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறையும் பெயின்ட்டின் ஆயுளில் கொஞ்சம் குறையுமே தவிர, கறை குறையாது.

கறைக்குள் இருப்பவை

நிலத்தடி நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கின்றன. துளி காயும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் பெயின்ட்டின் மேல் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் கீசரின் காயிலிலும் பிடிக்கும் வெள்ளைப் படிவமும் இதே பொருள்தான். கறை வட்டமாகவும், நடுப்பகுதி வெளிறி ஓரம் தடித்தும் இருப்பதற்குக் காரணம், துளியின் ஓரம் வேகமாகக் காய்வதால் உள்ளிருக்கும் நீர் ஓரத்தை நோக்கி நகர்ந்து, தன்னிடமுள்ள உப்பையும் அங்கே கொண்டு சேர்ப்பதுதான். சிந்திய சாதக் கஞ்சி காய்ந்த இடத்தில் விளிம்பு மட்டும் தடித்து நிற்பதைப்போல அது நிற்கும். பின்னால் பாலிஷ் செய்யும்போது நடுப்பகுதி போன பிறகும் வளையம் மட்டும் பிடிவாதமாக மிஞ்சுவது இதனால்தான்.

எல்லாக் கறையும் கால்சியம் கார்பனேட் அல்ல. கடலோரமாக இருப்பதால் நம் பகுதியின் பல கிணறுகளிலும் போர்களிலும் சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு, கணிசமாக இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் பல்லாண்டுகளாக நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதால் கடல்நீர் உள்ளே புகுந்தது நன்கு ஆராயப்பட்ட செய்தி. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரை எடுக்கும் ஆலை 2010-இல் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாடு இருந்தது. சாப்பாட்டு உப்பு விடும் கறை நல்ல தண்ணீரில் உடனே கரைந்துவிடும் என்பதால் பெயின்ட்டுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அது இரவில் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடங்களில் துருவை விரைவுபடுத்தும்.

இவை இரண்டையும் தவிர கால்சியம் சல்பேட்டும் சிலிக்காவும் உண்டு. இவற்றில் வினிகர் போன்ற மென்மையான அமிலத்தின் வேலை சரியாக நடக்காது. ஒரே பானெட்டில் பாதிக் கறை வினிகருக்குப் போய், மீதிப் பாதி அப்படியே நிற்கும்போது, அமிலம் போதவில்லை என்று எண்ணிக் கடுமையான ஆசிட்டைத் தேடிப் போகும் பழக்கம் பெயின்ட்டை அழிக்கிறது. அங்கே தேவைப்படுவது வேறு வகைச் சிகிச்சை. அதைப் பாலிஷ் பகுதியில் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தல்

இணையக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளை, அதாவது உப்பை, அளக்கும் கருவி) ஒன்றை வாங்கி, போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், ஆர்ஓ தண்ணீர் மூன்றையும் அளந்து பார்க்கவும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 2000 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் தரும் கடினத்தன்மைக்கு இதே தரம் சொல்லும் எண்கள் 200, 600 ஆகும். இவை குடிப்பதற்கான வரம்புகள். கறுப்புப் பெயின்ட்டின் மேல் காயவிடுவதற்கு 200 டிடிஎஸ் தண்ணீர்கூட அதிகம். 50-க்குக் கீழே வந்தால்தான் துளி காய்ந்த இடம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாமல் போகும்.

டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைக் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு, சாப்பாட்டு உப்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. அதை அறிய எளிய வழி சோப்புச் சோதனை. ஒரு சிறு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பின் சிறு சீவலைப் போட்டு நன்றாகக் குலுக்கவும். நுரை எழாமல் தயிர்த் திரிபோல வெள்ளை மிதந்தால் கடினத்தன்மை அதிகம். ஷாம்புவையோ துணிசோப்புத் தூளையோ கொண்டு இதைச் செய்யக்கூடாது. அவை கடின நீரிலும் நுரைக்கும்படி தயாரிக்கப்பட்டவை என்பதால் சோதனை பொய்த்துவிடும்.

கறை எவ்வளவு ஆழம்?

வேலையைத் தொடங்குவதற்கு முன் கறை பெயின்ட்டின் மேலே உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரல்களில் மாட்டிக்கொண்டு கறையின் மேல் மெதுவாகத் தடவவும். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவரின் வழியே தெளிவாகத் தெரியும். மேடாக நெருடினால் படிவம் மேற்பரப்பில் இருக்கிறது. அமிலத்துக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம். நெருடல் எதுவும் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தும் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வளையம் தெரிகிறதென்றால், கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். அங்கே எடுப்பதற்கு உப்பே மிச்சமில்லை. குழிந்த தடம்தான் ஒளியைச் சிதறடிக்கிறது. அதற்கு எவ்வளவு அமிலம் ஊற்றினாலும் பயன் இல்லை.

பெரும்பாலான கார்களில் நிறப் பூச்சுக்கு மேலுள்ள கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் தடிமனே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் அதில்தான் கலந்திருக்கிறது. அரிப்பை முற்றிலும் சமப்படுத்த வேண்டும் என்ற ஆசையில் கிளியர் கோட்டை அதிகம் சீவிவிட்டால், அப்போது பளபளப்பாகத் தெரிந்தாலும், சில ஆண்டுகளில் கூரையிலும் பானெட்டிலும் அது வெளுத்துத் தோல் உரியும். ஆழமான ஓரிரு தடங்களை அப்படியே விட்டுவைப்பது பல நேரங்களில் சரியான முடிவு.

முதல் படி: கழுவுதல்

வண்டியை நிழலில் நிறுத்தி, பானெட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடவும். சூடான தகட்டில் ஷாம்புவும் காயும், அமிலமும் காயும். இரண்டுமே புதிய கறையை உண்டாக்கும்.

வடசென்னையில் இந்தப் படியை அவசரமாக முடிக்கக்கூடாது. எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, கடற்காற்றில் வரும் மணல் ஆகிய மூன்றும் வண்டியின் மேல் சேர்ந்தே கிடக்கும். நிலக்கரிச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் மிகுதி. இவற்றோடு துணியை வைத்துத் தேய்த்தால் கிளியர் கோட் முழுவதும் மயிரிழைக் கீறல்கள் விழும். ஆகவே துணி படுவதற்கு முன் ஏராளமான தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றித் தளர்ந்த அழுக்கை வெளியேற்றவும். பிறகு ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர் வைத்துக்கொண்டு, கையுறைத் துணியை ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி ஷாம்புவில் நனைக்கவும். கூரை, கண்ணாடி, பானெட், டிக்கி, கதவின் மேற்பாதி என்று இறங்கி, சேறு அதிகமுள்ள கதவின் அடிப்பகுதியைக் கடைசிக்கு வைக்கவும். இந்தக் கழுவலுக்குப் போர் தண்ணீரே போதும், காயவிடாத வரையில். முடிந்ததும் மைக்ரோஃபைபர் துண்டால் முழுவதும் துடைத்து உலர்த்தவும்.

இரண்டாம் படி: அமிலம்

மளிகைக் கடையில் கிடைக்கும் நிறமற்ற வினிகரில் அசெட்டிக் அமிலம் சுமார் 4 சதவீதம் இருக்கும். அதனுடன் சம அளவு டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், கலந்துகொள்ளவும். வினிகருக்குப் பதிலாகச் சிட்ரிக் அமிலத் தூளும் பயன்படும். கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 20 கிராம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. எதைக் கலந்தாலும் போர் தண்ணீரில் கலக்கக்கூடாது. அமிலத்தின் ஒரு பகுதி வாளியிலுள்ள கால்சியத்தைக் கரைப்பதிலேயே தீர்ந்துவிடும். கையில் ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணியவும். பிளீச்சிங் பவுடரோ பிளீச் கலந்த துப்புரவுத் திரவமோ இருந்த வாளியை இதற்கு எடுக்கவே கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

முதலில் பின்கதவின் கீழ்ப்பகுதி போன்ற கண்ணில் படாத ஓர் இடத்தில் சோதித்துப் பார்க்கவும். அங்கே நிறம் மங்காமல், துணியில் வண்டியின் நிறம் ஏறாமல் இருந்தால் மேற்கொண்டு செல்லலாம். பழைய வண்டிகளிலும், பட்டறையில் கிளியர் கோட் இல்லாமல் ஒற்றைப் பூச்சாக அடிக்கப்பட்ட ஆட்டோக்களிலும் துணியில் நிறம் ஏறுவதைக் காணலாம்; அங்கே நேரத்தையும் அழுத்தத்தையும் பாதியாகக் குறைக்கவும்.

இனி வேலை செய்யும் பரப்பை இரண்டடிக்கு இரண்டடி என்ற அளவுக்கு மேல் எடுக்காமல், கலவையில் நனைத்துப் பாதி பிழிந்த மைக்ரோஃபைபர் துணியைக் கறையின் மேல் விரித்து வைக்கவும். இங்கே தேய்க்கத் தேவையில்லை. அமிலம் தானாக வேலை செய்ய வேண்டும். கறை தடிமனாக இருந்தால் துணியைத் தூக்கும்போது அடியில் மிக நுண்ணிய குமிழிகள் இருப்பதைக் காணலாம். கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதன் அடையாளம் அது. ஒரு நிமிடம் கழித்துத் துணியை எடுத்து, அதே துணியால் எடையே இல்லாமல் ஒரே திசையில் ஒருமுறை இழுத்துவிட்டு, உடனே டிஸ்டில்டு வாட்டர் தெளித்து வேறொரு துணியால் துடைக்கவும். கறை குறைந்து இன்னும் மிச்சமிருந்தால் மறுபடி செய்யலாம். ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கலவை எக்காரணம் கொண்டும் பெயின்ட்டின் மேல் காயக்கூடாது. சிட்ரிக் அமிலம் காய்ந்தால் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் படலம் விட்டுப்போகும்.

இரண்டு மூன்று முறை செய்த பிறகும் கறை சிறிதும் அசையவில்லையென்றால் அங்கே கார்பனேட் இல்லை, அல்லது அரிப்பு ஏற்பட்டுவிட்டது என்று முடிவு செய்து அமிலத்தை நிறுத்தவும். கார் பராமரிப்புக் கடைகளில் விற்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவர்களைப் பயன்படுத்துவதாக இருந்தால் லேபிளைப் படிக்கவும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ கலந்த திரவங்களை வீட்டில் தொடவே வேண்டாம். சிலிக்காவைக் கரைக்கும் வல்லமை அவற்றுக்கு இருப்பது உண்மை. கண்ணாடியை மங்கவைப்பதும், தோல் வழியே உடலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியதும் அவைதான்.

அமில வேலை முடிந்ததும் வண்டி முழுவதையும் ஷாம்பு தண்ணீரில் மறுபடி ஒருமுறை கழுவவும். கதவு இடுக்கு, கண்ணாடி ரப்பர், எண் பலகையின் திருகு ஆகிய இடங்களில் அமிலம் தேங்கி நிற்கும். அங்கே கூடுதலாகத் தண்ணீர் விடவும். வீட்டு வாசலில் மொசைக் அல்லது பளிங்குத் தரை இருந்தால் வேலைக்கு முன்பே அதை நனைத்துவைக்க வேண்டும். அந்தக் கற்களும் கால்சியம் கார்பனேட்தான் என்பதால் சொட்டும் வினிகர் அவற்றின் பளபளப்பைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: களிமண் கட்டி

உப்பு போன பிறகும் பிளாஸ்டிக் கவரில் சொரசொரப்புத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒட்டிக்கொண்ட தொழிற்சாலைத் தூசி அல்லது இரும்புத்துகள். ரயில் பாதை, துறைமுகச் சாலை, வெல்டிங் பட்டறை ஆகியவற்றின் அருகில் நிற்கும் வெள்ளை வண்டிகளில் ஆரஞ்சுப் புள்ளிகளாக இது தெரியும். இரும்புத்துகள் நீக்கியைத் தெளித்தால் அவை ஊதா நிறமாகி வழியும். அதன்பின் கிளே பார் எனப்படும் களிமண் கட்டியை, ஷாம்பு கலந்த வழுக்குத் தண்ணீர் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில் ஓட்டவும். கட்டி கீழே விழுந்தால் எறிந்துவிட வேண்டும். அமிலத்துக்கு முன் இதைச் செய்யாதீர்கள். உப்புப் படிவம் கட்டியில் ஏறிக்கொண்டு பெயின்ட் முழுவதும் கீறும்.

நான்காம் படி: பாலிஷ்

அமிலத்துக்கு அசையாத படிவத்துக்கும், ஆழமில்லாத அரிப்புக்கும் இதுவே மருந்து. மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒரு படி கடுமையானதற்குப் போக வேண்டும். நம் ஊரில் பலரும் தலைகீழாக, தகர டப்பாவில் வரும் பழைய ரப்பிங் காம்பவுண்டில் தொடங்குகிறார்கள். கறை போகும், கூடவே அந்த இடம் முழுவதும் சுழல் கீறல் விழும், பிறகு அந்தக் கீறலைப் போக்க இன்னொரு சுற்றுக் கிளியர் கோட் செலவாகும்.

கையால் செய்வதானால் நுரைப் பஞ்சில் பட்டாணி அளவுக்கு மூன்று சொட்டு பாலிஷ் வைத்து, ஓர் அடிச் சதுரத்தில், மிதமான அழுத்தத்துடன், முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் ஒன்றன்மேல் ஒன்று பாதி படும்படி தேய்க்கவும். பாலிஷ் கண்ணாடிபோல மெலிந்ததும் நிறுத்தித் துடைத்து, டார்ச் ஒளியில் பார்க்கவும். மெஷின் வைத்திருப்பவர்கள் இரட்டை இயக்கமுள்ள டூயல் ஆக்‌ஷன் வகையையே பயன்படுத்தவும். பட்டறைகளில் காணப்படும் ஒரே திசையில் சுழலும் ரோட்டரி மெஷின், பழகாத கையில் சில நொடிகளில் தகட்டின் விளிம்பில் பெயின்ட்டை எரித்துவிடும். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் மற்ற இடங்களைவிட மெல்லியதாக இருக்கும். அவற்றின் மேல் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்வது நல்லது. பிளாஸ்டிக் பம்பர் சூட்டை வெளியேற்றாது என்பதால் அங்கே இன்னும் நிதானம் தேவை.

ஒரு சதுரத்தை முடித்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை டிஸ்டில்டு வாட்டரில் 10 முதல் 15 சதவீதம் கலந்து தெளித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். பாலிஷிலுள்ள எண்ணெய் சிறு தடங்களை நிரப்பி மறைத்துவிடும். அந்த எண்ணெயை எடுத்த பிறகு தெரிவதே உண்மை நிலை. இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் பிறகும் வளையம் நின்றால் வீட்டு வேலை அங்கே முடிகிறது. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்திருக்கும் டீடெய்லிங் நிலையத்தில் காட்டவும். அளந்து பார்க்காமலேயே 2000 நம்பர் உப்புத்தாள் போடலாம் என்று சொல்லும் இடத்தில் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

பாலிஷ் வேலை முடிந்த இடம் இப்போது பாதுகாப்பின்றி இருக்கும். வாக்ஸ் அல்லது சீலன்ட் ஒரு மெல்லிய பூச்சுப் பூசி, டப்பாவில் சொல்லியுள்ள நேரம் காத்திருந்து துடைக்கவும். செராமிக் கோட்டிங் செய்துவிட்டால் உப்புக் கறையே வராது என்று நம்பிப் பணம் செலவழிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதன் மேல் தண்ணீர் உருண்டு திரண்ட துளிகளாக நிற்கும். வழிந்தோடாத துளி அப்படியே காய்ந்தால் உப்பு முழுவதும் ஒரு சிறு புள்ளியில் குவியும். கோட்டிங் கறையை எளிதில் எடுக்க உதவும், அரிப்பு கோட்டிங்கோடு நின்றுபோகவும் செய்யும். துடைக்கும் வேலை மட்டும் அதனால் குறையாது.

தனிக் கவனம் வேண்டிய பரப்புகள்

மேட் ஃபினிஷ் வண்டிகளில், இப்போது பல பைக்குகள் அப்படி வருகின்றன, பாலிஷும் காம்பவுண்டும் கூடவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளக்கத் தொடங்கி, அதைத் திரும்ப மங்கலாக்க வழியே இருக்காது. அங்கே நீர்த்த வினிகர், ஒரு நிமிடம், நல்ல தண்ணீர் அலசல் என்பதோடு நிறுத்தவும்.

குரோம், அலுமினியம், பைக் எஞ்சின் பகுதிகள் ஆகியவற்றில் அமிலம் நிறத்தை மங்கவைக்கக்கூடும். அரை நிமிடத்தில் அலசிவிடவும். பெட்ரோல் டேங்கின் ஸ்டிக்கர் ஓரங்களில் ஊறவிட வேண்டாம். கண்ணாடியில் வினிகர் சற்றுத் தாராளமாகவே வேலை செய்யும். அதற்கும் போகாததைச் சீரியம் ஆக்சைடு தூளைக் குழைத்து ஃபெல்ட் பேடால் தேய்த்து எடுக்கலாம். ஆனால் முன்கண்ணாடியில் ஒரே இடத்தை நெடுநேரம் தேய்த்தால் ஓட்டுநரின் பார்வையில் காட்சி நெளியும்.

கட்டட வேலை நடக்கும் தெருவில் சிமென்ட் தண்ணீர் தெறித்திருந்தால் அது உப்புக் கறையைவிட ஆபத்தானது. கடுமையான காரம் என்பதால் பெயின்ட்டைச் சில மணி நேரத்திலேயே தாக்கும். காய்வதற்குள் தண்ணீர் ஊற்றிக் கரைக்கவும். காய்ந்துவிட்டால் சுரண்டாமல் நீர்த்த வினிகரில் ஊறவைத்துத் தளர்த்தவும்.

கூடாத கைவைத்தியங்கள்

கழிவறை ஆசிட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. கறையோடு சேர்த்துக் குரோமையும், திருகுகளையும், தகட்டு விளிம்பையும் அது தின்னும். குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தில் வண்டிக்கும் புளியோ எலுமிச்சை மூடியோ வைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. அமிலம் என்ற வகையில் அது சரியே. ஆனால் புளியிலுள்ள நாரும் மண்ணும் கீறும், பழச்சாற்றின் சர்க்கரை ஒட்டிக்கொண்டு தூசியைச் சேர்க்கும். டீசல் போட்டுத் துடைத்தால் வண்டி அன்றைக்குப் புதிதாகத் தெரியும். எண்ணெய்ப் படலம் கறையை மறைத்ததன்றி வேறொன்றும் நடக்கவில்லை. ரப்பர் பீடிங்குகள் அதனால் உப்பிப்போகும், ஒட்டிய புழுதி அடுத்த துடைப்பில் கீறலாகும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனால் வாட்டர் சர்வீஸ் கடைகளில் இன்னும் அதைக் காண்கிறேன்.

கடைசி அலசல்

இனி கறை திரும்பாமல் இருப்பதற்கான வழி. கழுவும் தண்ணீர் முழுவதையும் மாற்றுவது நம் பகுதியில் நடைமுறைக்கு ஒவ்வாதது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில், குடிநீரை வண்டிக்கு ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாற்ற வேண்டியது கடைசியாகப் படும் ஐந்து லிட்டரை மட்டுமே. போர் தண்ணீரில் கழுவி, காய்வதற்குள் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, கடைசி அலசலைக் குறைந்த டிடிஎஸ் தண்ணீரில் கைத்தெளிப்பானால் தெளித்து மறுபடி ஒற்றினால் போதும். துண்டை இழுத்துத் தேய்க்காமல், விரித்து வைத்துத் தட்டி எடுக்க வேண்டும்.

அந்த ஐந்து லிட்டர் எங்கிருந்து வரும்? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு. மெல்லிய துணியில் வடிகட்டி, மீட்டரில் அளந்து பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். கோடைகாலத்தில் ஓர் இரவிலேயே பல லிட்டர் சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது, முதல் மழையின் புழுதி நீரை விட்டுவிட்டுப் பின்னால் பெய்வதைப் பிடித்து மூடிவைக்கலாம். எதுவும் இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று பல கழுவல்களுக்கு வரும்.

ஆர்ஓ இயந்திரத்தின் குழாயில் வெளியேறும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் பலர் வண்டிக்குப் பயன்படுத்துகிறார்கள். நோக்கம் நல்லதே, ஆனால் குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பு அத்தனையும் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது, அதன் டிடிஎஸ் உள்ளே சென்ற தண்ணீரைவிட அதிகம். தரை கழுவவும் கழிவறைக்கும் அது ஏற்றது. வண்டியின் மேற்பூச்சுக்கு ஏற்றதன்று.

மாடித் தொட்டிக்குச் சாஃப்ட்னர் பொருத்தியிருப்பவர்கள் மீட்டரில் எண் குறையவில்லை என்று குழம்ப வேண்டாம். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தைக் கொடுக்கிறது. மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். கறையும் வரும், ஆனால் அது ஈரத்துணிக்கே கரைந்துபோகும் வகை.

கழுவும் நேரத்தைப் பொறுத்தவரை, மாலை ஐந்து மணிக்குப் பிறகு கழுவுவது அதிகாலையைவிட நல்லது. இடுக்குகளில் தங்கிய நீர் வெயிலில் வெந்து காயாமல் மெதுவாக வழிந்துவிடும். கழுவிய பின் கதவுகளையும் டிக்கியையும் திறந்து மூடி, கண்ணாடிகளைத் தட்டி, அங்கிருந்து வழியும் நீரையும் துடைத்துவிடவும். பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து கதவில் நீளமாக இறங்கும் வெள்ளைக் கோடு இந்த ஒரு வேலையை விட்டதால் வருவது.

நிறுத்துமிடத்தையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். நிரம்பி வழியும் மாடித் தொட்டியின் குழாய்க்கு அடியிலோ, செடிகளுக்குப் போர் தண்ணீர் ஊற்றும் பால்கனிக்கு அடியிலோ வண்டி நின்றால், தினமும் அதே இடத்தில் சொட்டி, வேறெங்கும் இல்லாத ஆழமான அரிப்பை உண்டாக்கும். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பிய சிறு தெளிப்பானும் மடித்த மைக்ரோஃபைபர் துணி ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும். தண்ணீர் லாரி கடந்துபோகும்போது தெறித்த துளியையும், பக்கத்து வண்டி கழுவும்போது பட்ட துளியையும், வெயில் அதைக் காயவைப்பதற்குள் இரண்டு தெளிப்புத் தெளித்து ஒற்றி எடுத்துவிட்டால், மேலே சொன்ன அமிலமும் பாலிஷும் அந்த இடத்துக்குத் தேவைப்படாது.